அறுதலும் இணைதலும்: கடலடி வடங்களின் காப்பு, பழுதுநீக்கம், அகற்றல் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கடலடி வடங்களின் வரலாறு பெரும்பாலும் அவை இடப்பட்ட நாள்களின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. 1850இல் ஆங்கிலக் கால்வாயில் இடப்பட்ட தந்தி வடம் முதல் இன்றைய ஒளியிழை வடம் வரை, காத்தல், இணைத்தல், பழுதுநீக்குதல், அகற்றுதல் ஆகிய நான்கு பணிகளும் வளர்ந்த முறையை இக்கட்டுரை ஆராய்கின்றது. செய்தியைச் சுமக்கும் பொருள் செம்பிலிருந்து கண்ணாடிக்கு மாறியபோதும், அறுந்த வடத்தை மீட்டு இணைக்கும் முறை அடிப்படையில் மாறவில்லை என்பதும், ஒரு வடத்தின் நிலைபேறு அதன் அறாமையில் அன்றி மீண்டும் இணைக்கப்படும் தன்மையிலேயே தங்கியுள்ளது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: கடலடி வடம், ஒளியிழை, கட்டாபெர்ச்சா, பிணைப்பு, பழுதுநீக்கம், 1884 பாரிசு உடன்படிக்கை, சென்னை.

முன்னுரை

கண்டங்களுக்கிடையே செல்லும் தரவுகளில் மிகப் பெரும்பகுதி செயற்கைக்கோள்கள் வழியாகச் செல்வதில்லை. கடலின் அடியில் கிடக்கும் வடங்கள் வழியாகவே செல்கின்றது. பேச்சு வழக்கில் ‘கேபிள்’ எனப்படும் இவ்வடம் ஆழ்கடலில் ஏறத்தாழ 2 செ.மீ. பருமனே உடையது. அதனுள் செய்தியைச் சுமக்கும் கண்ணாடி இழையின் விட்டம் 125 மைக்ரோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அவ்விழையிலும் ஒளி செல்லும் உள்ளகம் 9 மைக்ரோமீட்டர் அளவினதே.

இத்துணை மெல்லிய பொருள் அறுந்துபோவதில் வியப்பில்லை. உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 150 முதல் 200 வரையிலான பழுதுகள் கடலடி வடங்களில் நேர்கின்றன. அவற்றுள் 70 முதல் 80 விழுக்காடு மனிதச் செயல்களால், குறிப்பாக இழுவை வலைகளாலும் கப்பல் நங்கூரங்களாலும், தற்செயலாக நேர்பவை. ஆயினும் பெரும்பாலான நாடுகளில் மக்கள் இவற்றை உணர்வதில்லை. அறுந்தவை இணைக்கப்பட்டுக்கொண்டே இருப்பதும், அதுவரை தரவுகளை மாற்று வடங்கள் சுமப்பதும் இதற்குக் காரணம். இணைப்புப் பணி பொதுக்கவனத்திலிருந்து விலகி நிற்பதற்கு அதன் வெற்றியே காரணமாயிற்று எனலாம்.

1. கட்டாபெர்ச்சா: முதற் காப்பு

நீருக்கு அடியில் மின்னோட்டத்தைக் கொண்டுசெல்ல, செம்புக் கம்பியை நீரிலிருந்து பிரிக்கும் உறை ஒன்று தேவைப்பட்டது. 1840களில் மலாய்ப் பகுதியிலிருந்து ஐரோப்பாவுக்கு அறிமுகமான கட்டாபெர்ச்சா என்னும் மரப்பால் அத்தேவையை நிறைவேற்றிற்று. வெந்நீரில் இளகி, குளிரில் இறுகி, கடலாழத்தின் தட்பத்திலும் அழுத்தத்திலும் கெடாமல் நிற்பது அதன் இயல்பு. 1847இல் வெர்னர் சீமென்சு இப்பொருளைக் கம்பியின்மீது இடைவெளியின்றி அழுத்திப் பொதியும் கருவியை உருவாக்கினார்.

1850 ஆகத்து 28ஆம் நாள் சேக்கப் பிரெட், சான் வாட்கின்சு பிரெட் உடன்பிறந்தாரின் முயற்சியால் டோவருக்கும் பிரெஞ்சுக் கரைக்கும் இடையே முதல் வடம் இடப்பட்டது. கட்டாபெர்ச்சா பொதிந்த ஒற்றைச் செம்புக் கம்பியான அதற்கு வேறு கவசம் இல்லை. சில செய்திகள் சென்ற அளவில் ஒருநாளுக்குள் அது அறுந்தது. மீனவர் ஒருவரின் வலையில் சிக்கியே அது அறுந்தது என்னும் செய்தி வழிவழியாகக் கூறப்படுகின்றது. 1851இல் இடப்பட்ட இரண்டாம் வடத்தில் நான்கு செம்புக் கம்பிகள் கட்டாபெர்ச்சாவால் பொதியப்பட்டு, தார் தோய்ந்த சணலால் சூழப்பட்டு, வெளியே 10 இரும்புக் கம்பிகளால் கவசமிடப்பட்டன. அது நிலைத்தது. நடுவில் கடத்தி, அதைச் சுற்றி மின்காப்பு, வெளியே கவசம் என்னும் இவ்வடுக்கமைப்பு இன்றளவும் தொடர்கின்றது.

இக்காப்பின் விலையை வேறோர் இடம் செலுத்தியது. கட்டாபெர்ச்சா மரத்தைக் கீறிப் பால் வடிப்பதால் கிடைக்கும் அளவு சிறிது. ஆதலின் மரங்கள் அடியோடு வீழ்த்தப்பட்டன. மலாய்த் தீவகற்பம், சுமத்திரா, போர்னியோ காடுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அம்மரம் அருகியது. 1933இல் இங்கிலாந்தில் பாலிஎத்திலீன் கண்டறியப்பட்டு, பின்னர் வடங்களின் மின்காப்புப் பொருளான பிறகே இச்சார்பு நீங்கியது.

2. அட்லாண்டிக்கில் பிணைப்பு: 1858 – 1866

அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்த முதல் வடம் கரையிலிருந்து கரைக்கு ஒரே நீட்டமாக இடப்பட்டதன்று. 1858இல் ‘அகமெம்னான்’, ‘நயாகரா’ என்னும் இரு கப்பல்கள் நடுக்கடலில் சந்தித்துத் தத்தம் வடமுனைகளைப் பிணைத்து, எதிரெதிர்த் திசைகளில் வடத்தை இட்டுச் சென்றன. சில தோல்விகளுக்குப் பின் ஆகத்து 5ஆம் நாள் இரு கரைகளும் இணைந்தன. ஆனால் சில வாரங்களிலேயே அவ்வடம் செயலிழந்தது. குறைபாடுடைய மின்காப்பின்மீது வைல்டுமன் வைட்டவுசு செலுத்திய மிகை மின்னழுத்தம் அதன் அழிவை விரைவுபடுத்திற்று. இத்தோல்வி குறித்த கூட்டுக்குழுவின் அறிக்கை 1861இல் வெளிவந்தது. வடத்தை இடுமுன் சோதித்தல், இடும்போது சோதித்தல், அளவைகளைத் தரப்படுத்தல் ஆகியவை இதன்பின் வேரூன்றின.

பழுதுநீக்க வரலாற்றின் திருப்புமுனை 1866ஆம் ஆண்டாகும். அதற்கு முந்தைய ஆண்டு ஆகத்து 2ஆம் நாள் ‘கிரேட் ஈசுட்டர்ன்’ கப்பல் இட்டுவந்த வடம் நடுக்கடலில் அறுந்து, 3 கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழத்தில் மூழ்கியது. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக்கரண்டியைப் போன்ற கொக்கிகள் கடலுக்குள் இறக்கப்பட்டன. வடம் சிக்கியது, எனினும் தூக்கும் கயிறுகள் எடை தாங்காது மீண்டும் மீண்டும் அறுந்தன. 1866இல் புதிய வடத்தை வெற்றியுடன் இட்டு முடித்த அதே கப்பல், கைவிடப்பட்ட பழைய வடத்தைத் தேடிச் சென்றது. ஒரே இடத்தில் தூக்கினால் வடத்தின் எடையே அதனை அறுத்துவிடும் என்பதால், வெவ்வேறு இடங்களில் கப்பல்களும் மிதவைகளும் அதன் பாரத்தைப் பகிர்ந்துகொண்டன. செப்டம்பர்த் தொடக்கத்தில் முனை மேலே வந்தது. அதன்வழி அயர்லாந்துக் கரைக்கு அனுப்பிய குறிகைக்கு மறுமொழி கிடைத்தது. ஓராண்டு கடலடியில் கிடந்த வடம் உயிர்ப்புடன் இருந்தது. அதனோடு புதிய வடம் பிணைக்கப்பட்டு, செப்டம்பர் 8ஆம் நாள் நியூபவுண்டுலாந்துக் கரை எட்டப்பட்டது.

கடலில் அறுந்த வடம் இழப்புக் கணக்கில் சேர வேண்டியதன்று என்பதை இந்நிகழ்வு மெய்ப்பித்தது. அதன்பின் வடம் இடுவதோடு வடத்தை மீட்பதும் தனித் தொழிலாயிற்று. சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு 1871இல் இயங்கத் தொடங்கிய தந்தி வடம் போன்றவை நெடுங்காலம் நிலைத்ததற்கு இத்தொழிலே அடிப்படை. பிணைப்பவர் செம்பு இழைகளைப் பற்றவைத்து, கட்டாபெர்ச்சாவைச் சுடரில் இளக்கி, விரல்களால் இழுத்துப் படரவிட்டு மூடுவார். விரலில் படிந்த சிறு அழுக்கும் மின்கசிவுக்கு வழிவகுக்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள வடத்தின் நம்பகம் ஒருவரின் கைத்தூய்மையைச் சார்ந்திருந்தது.

3. சட்டம் என்னும் கவசம்

இரும்புக் கவசம் தடுக்க இயலாத சேதங்களைத் தடுக்கச் சட்டம் தேவைப்பட்டது. 1884 மார்ச்சு 14ஆம் நாள் பாரிசில் கையெழுத்தாகி 1888இல் நடைமுறைக்கு வந்த கடலடித் தந்தி வடங்களின் பாதுகாப்பு உடன்படிக்கை அதனை வழங்கியது. வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ வடத்தைச் சேதப்படுத்துவது தண்டனைக்குரிய குற்றமாயிற்று. வடத்தை இடும் அல்லது பழுதுநீக்கும் கப்பலிலிருந்து பிற கப்பல்கள் ஒரு கடல்மைல் தொலைவு விலகியிருக்க வேண்டும். பழுதுநீக்கத்துக்கான மிதவைகளிலிருந்து கால் கடல்மைல் விலகியிருக்க வேண்டும் என விதிக்கப்பட்டது.

இவ்வுடன்படிக்கையின் ஏழாம் கூறு தனிக்கவனத்துக்குரியது. வடத்தைச் சேதப்படுத்தாதிருக்கும் பொருட்டுத் தம் வலையையோ நங்கூரத்தையோ இழந்தவர், அவ்விழப்பை மெய்ப்பித்தால், வடத்தின் உரிமையாளரிடமிருந்து ஈடு பெறலாம் என்பது அதன் சாரம். மீனவரைத் தண்டனையால் அச்சுறுத்துவதினும், அவர் வலையின் மதிப்பை ஏற்றுக்கொள்வதே வடத்தைக் காக்கும் என்னும் தெளிவு இதில் உள்ளது. 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கையும் 115ஆம் கூறில் இதனை ஏற்றுக்கொண்டது.

எனினும் 1884 உடன்படிக்கை போரிடும் நாடுகளின் செயலுரிமையைக் கட்டுப்படுத்தவில்லை. 1914 ஆகத்து 5ஆம் நாள் விடியுமுன், பிரித்தானியக் கேபிள் கப்பல் ஒன்று ஆங்கிலக் கால்வாய்ப் பகுதியில் செருமனியின் வடங்களைத் தூக்கி வெட்டியது. பழுதுநீக்கப் பயன்பட்ட அதே கொக்கி அழிப்புக்கும் பயன்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 22ஆம் நாள் சென்னையைக் குண்டுவீசித் தாக்கிய செருமானியப் போர்க்கப்பல் ‘எம்டன்’, நவம்பர் 9ஆம் நாள் கொக்கோசுத் தீவுகளின் தந்தி நிலையத்தை அழிக்க வீரர்களை இறக்கியது. கருவிகள் உடைக்கப்பட்டு வடமும் வெட்டப்பட்டது. ஆயினும் நிலையப் பணியாளர் அதற்குமுன்னரே எச்சரிக்கைச் செய்தியை அனுப்பியிருந்தனர். அதனைக் கேட்டு வந்த ஆத்திரேலியக் கப்பல் ‘சிட்னி’ எம்டனை வீழ்த்தியது. மாற்றுக் கருவிகளை மறைத்து வைத்திருந்த பணியாளர் தந்திப் போக்குவரத்தை விரைவில் மீட்டனர்.

4. செம்பிலிருந்து கண்ணாடிக்கு

1966இல் சார்லசு காவோவும் சார்சு ஆக்காமும் வெளியிட்ட ஆய்வுரை, கண்ணாடியின் மாசுகளை நீக்கி ஒளியிழப்பைக் கிலோமீட்டருக்கு 20 டெசிபெல் அளவுக்குக் குறைத்தால் அதனைத் தொலைத்தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று காட்டியது. 1970இல் கார்னிங் நிறுவனத்தின் இராபர்ட்டு மோரர், தொனால்டு கெக், பீட்டர் சுல்சு ஆகியோர் 17 டெசிபெல் அளவை எட்டினர். 1988இல் அட்லாண்டிக்கைக் கடந்த முதல் ஒளியிழை வடமான டாட்-8 இயங்கத் தொடங்கியது. 1956இல் இடப்பட்ட டாட்-1 தொடக்கத்தில் 36 தொலைபேசி இணைப்புகளைச் சுமந்தது; டாட்-8 ஏறத்தாழ 40,000 இணைப்புகளைச் சுமந்தது.

இம்மாற்றம் இணைப்புப் பணியை எளிதாக்கவில்லை; கடினமாக்கியது. செம்புக் கம்பிகள் முறுக்கிப் பற்றவைத்தாலே மின்சாரத்தைக் கடத்தும். கண்ணாடி இழைகளிலோ இரு உள்ளகங்களும் மைக்ரோமீட்டர் அளவில் நேர்ப்பட்டாலன்றி ஒளி சிதறிவிடும். மேலும், இழைக்கு நீட்சி குறைவு. ஈரம் அதன் நுண்விரிசல்களைப் பெருக்கும். ஆகவே இழைகள் கூழ் நிரப்பிய எஃகுக் குழலுள் தளர்வாக வைக்கப்பட்டன. அதைச் சுற்றி வலிமைதரும் எஃகுக் கம்பிகள், மின்னாற்றலைக் கொண்டுசெல்லும் செம்புக் குழல், பாலிஎத்திலீன் உறை ஆகியவை அமைந்தன. கரையை அண்டிய பகுதிகளில் இதன்மேல் எஃகுக் கம்பிக் கவசம் ஒன்றோ இரண்டோ சேர, பருமன் 5 செ.மீ. வரை பெருகும். அங்கு வடத்தைக் கடற்கலப்பையால் உழுது புதைப்பதும் உண்டு.

5. இழையை இணைக்கும் முறை

தொழில்வழக்கில் ‘ஸ்பிளைசிங்’ எனப்படும் பிணைப்பு நிலத்திலும் கடலிலும் ஒரே அடிப்படையில் நிகழ்கின்றது. முதலில் இழையின் மேற்பூச்சு உரிக்கப்படும். பின்னர் ஆல்ககால் தோய்ந்த துணியால் இழை துடைக்கப்படும். அடுத்து, இழையைக் கீறி, வளைவழுத்தத்தால் செங்குத்தாகப் பிளப்பர். வெட்டுமுகம் சாய்ந்தாலோ சில்லுடைந்தாலோ பிணைப்பு கெடும். இரு முனைகளையும் கருவி நேர்ப்படுத்த, மின்வில்லின் வெப்பம் அவற்றை உருக்கி ஒன்றாக்கும். இறுதியில் வெப்பத்தால் சுருங்கும் குழல் அவ்விடத்தை மூடும். நன்கு அமைந்த பிணைப்பில் இழப்பு 0.1 டெசிபெல்லுக்கும் குறைவு.

கடல்வடத்தில் இழைகளைப் பிணைப்பதோடு பணி முடிவதில்லை. எஃகுக் கம்பிகளை இழுவலிமை குன்றாது பொருத்தி, செம்பை இணைத்து, பாலிஎத்திலீனை உருக்கி வார்த்து, அவ்வார்ப்பில் காற்றுக்குமிழி உளதா என எக்சு கதிரால் ஆராய வேண்டும். 1866இன் பிணைப்பாளர் விரலால் உணர்ந்ததை இன்று கதிர்ப்படம் காட்டுகின்றது.

6. பழுதை அறிதலும் நீக்குதலும்

தந்திக் காலத்தில் கரையிலிருந்து கம்பியின் மின்தடையை அளந்து பழுதின் தொலைவைக் கணித்தனர். ஒளியிழையில் ஒளித்துடிப்பைச் செலுத்தி, அது சிதறித் திரும்பும் நேரத்தை அளக்கின்றனர். கண்ணாடியில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கி.மீ. செல்லும். ஆகவே துடிப்பு சென்று மீள நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆயின், பழுது 100 கி.மீ. தொலைவில் உள்ளது எனத் துணியலாம். உறை மட்டும் கிழிந்து செம்பு கடல்நீரைத் தொட்டிருப்பின், பழைய மின்னளவை முறையே இன்றும் துணைபுரிகின்றது.

இடம் தெரிந்தபின் நிகழ்வது 1866ஐ ஒத்தது. ஆழ்கடலில் வடத்துக்கு மேற்பரப்பை எட்டும் தளர்ச்சி இல்லை. எனவே கொக்கியால் முதலில் அதனை வெட்டி, ஒரு முனையைத் தூக்கிச் சோதித்து, மூடி, மிதவையில் கட்டுகின்றனர். மறுமுனையைத் தூக்கிப் பழுதான பகுதியை நீக்கி, கப்பலிலுள்ள மாற்றுவடத்தைப் பிணைத்து, மிதவைக்கு மீண்டு இறுதிப் பிணைப்பைச் செய்கின்றனர். ஆகவே ஆழ்கடலில் பழுதுநீக்கப்பட்ட வடம் முன்னினும் நீளமானது. இரு பிணைப்புகள் கூடியது. அப்பிணைப்புகளின் ஒளியிழப்பைத் தாங்கும் ஒதுக்கீடு வடத்தின் வடிவமைப்பிலேயே சேர்க்கப்படுகின்றது. 25 ஆண்டுக்கால வாழ்நாளுக்குத் திட்டமிடப்படும் வடம், தான் அறுபடும் என்பதை ஏற்றே உருவாக்கப்படுகின்றது.

7. பழுதுநீக்கும் வல்லமையின் ஏற்றத்தாழ்வு

இணைக்கும் முறை ஒன்றாயினும் இணைக்கப்படும் விரைவு எல்லோர்க்கும் ஒன்றன்று. 2006 டிசம்பர் 26ஆம் நாள் தைவானுக்குத் தெற்கே நேர்ந்த நிலநடுக்கத்தைத் தொடர்ந்து கடலடிச் சேற்றோட்டங்கள் 9 வடங்களை அறுத்தன. 11 கப்பல்கள் 49 நாள்கள் உழைத்து அவற்றை மீட்டன. மாற்று வழிகள் இருந்தமையால் அப்பகுதி முற்றிலும் துண்டிக்கப்படவில்லை. தொங்காவின் நிலை வேறு. 2022 சனவரி 15ஆம் நாள் எரிமலை வெடிப்பால் அதன் ஒரே பன்னாட்டு வடம் அறுந்தது. பப்புவா நியூகினியிலிருந்து கப்பல் வந்து பிப்ரவரி 22ஆம் நாள் சேவையை மீட்கும்வரை, 38 நாள்கள் அந்நாடு குறைந்த அளவிலான செயற்கைக்கோள் தொடர்பையே நம்பியிருந்தது. அதன் உள்நாட்டுத் தீவுகளுக்கான வடம் மீள ஏறத்தாழ 18 மாதங்கள் ஆயின.

சென்னைக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 2002இல் சென்னை – சிங்கப்பூர் ஒளியிழை வடமும், 2005இல் சீமீவீ-4 வடமும் இங்குக் கரையேறின. 2008 சனவரி 30ஆம் நாள் அலெக்சாந்திரியா அருகே சீமீவீ-4 உள்ளிட்ட வடங்கள் பழுதுற்றபோது, இந்தியாவின் இணையப் போக்குவரத்து பெரிதும் குன்றியது. 2020 ஆகத்து 10ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்ட, ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளமுள்ள சென்னை – அந்தமான் நிக்கோபார் வடம், அதுவரை செயற்கைக்கோளைச் சார்ந்திருந்த தீவுகளை நிலப்பரப்போடு இணைத்தது. வடம் பெறுவது போலவே அதனைப் பழுதுநீக்கும் கப்பலை விரைந்து பெறுவதும் இன்றியமையாதது. இந்தியக் கொடி தாங்கிய கேபிள் கப்பல்களின் தேவையை இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2023ஆம் ஆண்டுப் பரிந்துரைகளும் கருத்தில் கொண்டுள்ளன.

8. அகற்றல்

பணி ஓய்ந்த வடங்களுக்கு மூன்று வழிகள் உள்ளன: கிடந்தவாறே விடுதல், மீட்டெடுத்தல், வேறு பணிக்கு மாற்றுதல். நெடுங்காலம் முதல்வழியே பெருவழக்கு. மூன்றாம் வழிக்கு 1998இல் அமைந்த அவாய்-2 கடலாய்வகம் சான்று: பயன்பாட்டிலிருந்து நீங்கிய தொலைபேசி வடம் அங்கு நிலநடுக்கக் கருவிகளுக்கு மின்னாற்றலும் செய்திவழியும் தந்தது.

மீட்டெடுக்கப்படும் வடத்தில் செம்பு, எஃகு, பாலிஎத்திலீன் ஆகியவை மீண்டும் பயனாகின்றன. செய்தியைச் சுமந்த கண்ணாடி இழைக்கோ மறுவிலை இல்லை எனலாம். காப்பாக அமைந்தவை விலைபெற, காக்கப்பட்டது கழிவாவது இவ்வடத்தின் முரண். நிலத்திலும் பிணைப்புப் பணியில் உதிரும் இழைத்துண்டுகளே பெருந்தொல்லை. கண்ணுக்கு எளிதில் புலப்படாத அவை தோலில் ஏறினால் எடுப்பது அரிது. கண்ணில் பட்டால் தீங்கு பெரிது. ஆகவே கருநிற விரிப்பின்மேல் பணிசெய்து, துண்டுகளை ஒட்டுநாடாவால் ஒற்றியெடுத்து, மூடியுள்ள கலத்தில் இட்டு, அடையாளமிட்டு அகற்றுதல் முறையாகும். பணியிடத்தில் உண்ணாதிருத்தலும் கண்காப்பு அணிதலும் அம்முறையின் பகுதிகளே. கழிவை அள்ளுவோர் பெரும்பாலும் பிணைப்பவர் அல்லர். ஆகவே கலத்தின்மீது எழுதப்படும் அடையாளம் மற்றொருவரின் உடற்காப்பாகின்றது.

நிறைவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன புலனாகின்றன. கட்டாபெர்ச்சா முதல் பாலிஎத்திலீன் வரை பொருள்கள் மாறினும், கடத்தி, காப்பு, கவசம் என்னும் அடுக்கமைப்பு 1851 முதல் தொடர்கின்றது. 1866இல் நிலைபெற்ற மீட்புமுறை ஒளியிழைக் காலத்திலும் அடிப்படை மாறாது நிற்கின்றது. வலையை இழந்த மீனவருக்கு ஈடு அளிக்கும் 1884ஆம் ஆண்டின் விதி, காப்பு என்பது கடலைப் பகிர்வோரிடையிலான உடன்பாடும் ஆகும் என்பதை உணர்த்துகின்றது. தைவான், தொங்கா நிகழ்வுகள், மாற்றுவழியும் கப்பலும் அற்ற சமுதாயமே அறுதலின் முழுச்சுமையையும் தாங்குகின்றது என்பதைக் காட்டுகின்றன. எனவே ஒரு நாட்டின் தொடர்பு வலிமையை அதன் கரையேறும் வடங்களின் எண்ணிக்கையால் மட்டும் அளத்தல் போதாது; அவை அறுந்தால் எத்தனை நாளில், எவர் கையால் இணைக்கப்படும் என்பதையும் சேர்த்தே அளத்தல் வேண்டும்.